கால், அரை, முக்கால்

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் இறங்கி யாரிடமும் வழி கேட்க வேண்டாம். ஆடிக் காற்றில் புழுதி பறக்கிற ரோட்டோரம், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஒரு அப்பாவும், அவருக்கு ரெண்டடி தள்ளித் தலையைக் குனிந்தபடி ஒரு பிள்ளையும் நடந்து போனால் பின்னாலேயே போங்கள். அப்துல் கனி அண்ணன் கடையில் போய் நிற்பீர்கள். அதற்கு அடுத்த கடை என்னுடையது. தங்கமாரி டெய்லர்ஸ் என்று போர்டே இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் முடிகிறவரைக்கும் என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்களைவிட, என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் கடைக்குள் போகிறவர்கள்தான் அதிகம். எடுத்து வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். அவர்கள் இருக்கிற பதற்றத்தில் கால் இருக்கிறதா என்றே தெரியாது, செருப்பு எங்கே தெரியப் போகிறது.

கனியண்ணன் கடையில் இருப்பது ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், காற்றாடி ஒன்று. கரண்ட் பில், பட்டா, பாஸ்போர்ட் என்று வருசம் முழுக்க ஏதாவது வேலை வரும். அதெல்லாம் சோற்றுக்கு. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இன்ஜினீயரிங் கவுன்சலிங்தான். கணக்கில் வாங்கிய மார்க் அப்படியே, பிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் வாங்கியதில் பாதி பாதி, கூட்டினால் இருநூறுக்கு எவ்வளவோ அதுதான் கட்-ஆஃப். அதை எந்தப் பிள்ளையும் போட்டுவிடும். அந்தக் கட்-ஆஃப்பை வைத்துக்கொண்டு எந்தக் காலேஜ் கிடைக்கும், எந்த குரூப் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். கனியண்ணன் போன வருசங்களில் எந்தக் காலேஜில் எந்தக் கட்-ஆஃப்போடு இடம் நின்றது என்று பார்ப்பார். இந்த வருசம் கணக்குப் பேப்பர் கஷ்டமா லேசா என்று கேட்பார். என்ன ஒதுக்கீடு என்று பார்ப்பார். பிறகு கட்டை விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கிடைக்கிற வாய்ப்பு கால், அரை, முக்கால் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். முழுசாச் சொல்லுங்க பாய் என்று யாராவது கேட்டால், முழுசு அல்லா கையில் என்பார்.

அவர் வாயிலிருந்து வந்த சொல் டவுன் பஸ்ஸைவிட வேகமாக ஊருக்குப் போகும். முக்கால் என்றால் வெளியே வந்ததும் போனை எடுத்து மாமன் மச்சான் அத்தனை பேருக்கும் சொல்வார்கள். கால் என்றால் என் கடை வாசலில் உட்கார்ந்து அழுவார்கள். பிள்ளை அழாது, அம்மாதான் அழும். அதற்காகவே நான் ஒரு குடம் தண்ணீர் தனியாக வைத்திருக்கிறேன். என் மகன் மாரிசெல்வத்துக்கும் ரெண்டு வருசம் முன்னால் அரை என்றார். நான் அழவில்லை, ஆனால் அந்த வாரம் வெட்டிய ஜாக்கெட் அத்தனையும் கழுத்து கோணல்.

கவுன்சலிங் நடக்கிற ரெண்டு மாதமும் கனியண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது. நாற்காலியிலிருந்து வாசல், வாசலிலிருந்து ஜெராக்ஸ் மிஷின், மறுபடி நாற்காலி. உட்கார்ந்தால் கால் ஆடும். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டிதான். அவர் கால் ஆடினால் தட்டி ஆடும், தட்டி ஆடினால் என் தையல் ஓடாது. "காலைக் கட்டிப் போடுங்கண்ணே" என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்துவேன். கொஞ்ச நேரம் நிற்கும். சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிடுவார். ஊரான் பிள்ளைக்காக இவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்காரர் முகத்தை பஸ்ஸில் பார்க்க வேண்டுமே என்பார்.

அவருக்கும் வருகிறவர்களுக்கும் சண்டை வருவது ஒரே இடத்தில்தான். அது வரிசை. எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று ஒன்று, ரெண்டு என்று வரிசை போட்டுக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். எங்கள் பக்கம் மானாவாரிப் பூமி. மழையை நம்பி யாரும் மொத்த நிலத்தையும் பருத்திக்குக் கொடுக்க மாட்டார்கள். முதலில் வயிற்றுக்குக் கொஞ்சம் குதிரைவாலியை விதைத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பற்றி யோசிப்பார்கள். கவுன்சலிங்கையும் அப்படியே செய்வார்கள். உறுதியாகக் கிடைக்கிற பக்கத்துக் காலேஜை முதலில் எழுது, பெரிய காலேஜைக் கீழே எழுது, வந்தால் வரட்டும் என்பார்கள். நரிக்குடியிலிருந்து மகள் மாரீஸ்வரியைக் கூட்டி வந்த பூமிநாதன் அதைத்தான் சொன்னார். பெரியதைக் கேட்டோம் என்கிற கோபத்தில் சின்னதையும் தராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம் அவருக்கு.

கனியண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இது வானம் இல்லண்ணே, மிஷினு. மேல இருந்து பாத்துக்கிட்டே இறங்கும். கிடைச்ச எடத்துல நின்னுரும். உறுதியானத மேல போட்டீகன்னா அங்கனயே நின்னு போகும், கீழ உள்ளத அது ஏறிட்டுக்கூடப் பாக்காது. ஆசையெல்லாம் மேல போடுங்க, பயமெல்லாம் கீழ போடுங்க."

பூமிநாதன் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். கடைசியில் கனியண்ணன் சொன்னபடியே வரிசை போனது. இப்படி ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது தொண்டை கட்டக் கத்துவார். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம்.

இந்த வருசம் அவர் மகள் ஜன்னத் பிளஸ் டூ முடித்தாள்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கனியண்ணன் சவுதியில் இருந்த கதையையும் சொல்ல வேண்டும். தம்மாமில் ஒரு சாமான் கிடங்கில் ஸ்டோர்கீப்பராகப் பதினாலு வருசம் இருந்தார். ஜன்னத் பிறந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாம் போனில்தான் பார்த்தார். ஒரு தடவை லீவில் வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. அத்தா எங்கே என்று கேட்டால் ஓடிப் போய் அவர் சம்சாரம் சைதுன் பீவியின் போனை எடுத்து வந்து காட்டியது. நேரில் நிற்கிற ஆளைப் பார்த்து அம்மா பின்னால் ஒளிந்துகொண்டது. அதை இன்னமும் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரேயடியாக ஊருக்கு வந்து கடை போட்டபோது அவளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போவது வருவது. பிள்ளையை டியூசனில் விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

கெட்டிக்காரப் பிள்ளை. கடையில் பழுதாகிப் போட்ட மோடத்தையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கட்-ஆஃப் நூற்று எண்பத்தெட்டு வந்தது. கோயம்புத்தூரில் அரசாங்கக் காலேஜ் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. கவுன்சலிங் வரிசை போடுவதற்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலையில் அவள் வந்து, கோயம்புத்தூர் எப்படி அத்தா என்று கேட்டது எனக்குக் கேட்டது. மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். கனியண்ணன் மேசையைத் தட்டவே இல்லை.

"கால்தாம்மா."

 சரி அத்தா, நீங்களே வரிசை போட்டுருங்க என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரே நம்புகிற ஆளை அவள் நம்பாமல் இருப்பாளா.

எனக்குச் சந்தேகம் தட்டியது. முந்தின வருசம் இதைவிடக் குறைச்சலான மார்க்குக்கு இதே கோயம்புத்தூருக்கு அரை சொன்னது எனக்கு நினைவிருந்தது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நேரே போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு ஒத்துக்கொண்டார். மதுரையில் ஒரு காலேஜை முதலில் போட்டுவிட்டாராம். அது நிச்சயம் கிடைக்கும். காலையில் பஸ்ஸில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். கோயம்புத்தூரையும் போட்டிருக்கிறார், ஆனால் அதற்குக் கீழே. பூமிநாதன் செய்யப் போனதை, அவரைத் திட்டிய அதே வாயோடு இவர் செய்திருக்கிறார். அவர் பயத்தில் செய்யப் பார்த்தார். இவர் தெரிந்தே செய்தார்.

"நெசமான கணக்கு என்னண்ணே?" என்றேன்.

முக்கால் என்று முணுமுணுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளை போக வேண்டாம் என்று நினைத்தால் அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே, கணக்கில் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"சொன்னா இருந்துருவா தங்கமாரி. சொன்ன மறு நிமிசம் இருந்துருவா. அப்புறம் காலத்துக்கும் அத்தாவாலதான் கெட்டேன்னு இருக்குமே. மிஷினு தரலைன்னா அவளுக்கு யாரு மேலயும் வருத்தம் இருக்காது. அவ பொறந்ததுலருந்து எட்டு வருசம் அவள விட்டுட்டு இருந்தாச்சு. இன்னும் நாலு வருசம் என்னால ஆகாது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.  பிள்ளையிடம் சொல்லிவிடலாமா என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க வாய் துறுதுறுத்தது. சொன்னால் ஒரு வீட்டில் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவே நான் நுழைந்ததாக ஆகும். சொல்லாவிட்டால் நானும் சேர்ந்து ஏமாற்றுகிற மாதிரி. மறு நாள் ஜன்னத் என் கடைக்கே வந்துவிட்டாள். கையில் மூன்று செட் சுடிதார் துணி. காலேஜுக்காம்.

"அத்தே, தெனமும் மதுரைக்கு பஸ்ஸுல போய் வந்தா இந்தத் துணி கசங்காதுல்ல?"

கசங்காதும்மா என்றேன்.  அளவு எடுத்து அனுப்பினேன். அவள் போனதும் தட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கம் கால் ஆடுவது நின்றது. சாயங்காலம்வரை எட்டிப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன், இன்னும் நேரம் இருக்கிறது, மாற்றிப் போடுங்கள் என்று. மாத்துறேன், மாத்துறேன் என்றாரே தவிர மாற்றவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் சாயங்காலத்தோடு வரிசை முடிகிறது. அன்றைக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை. கரண்ட் போய்விடுமோ என்று ஆளாளுக்குக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஜன்னத் அத்தாவுக்குச் சோறு கொண்டு வந்தாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தூக்குவாளியை வைத்துவிட்டு ரெண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பதிய ஆரம்பித்தாள். கனியண்ணனும் இருந்த நெருக்கடியில் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது திருச்சுழிப் பக்கத்திலிருந்து அஃப்ரீத் என்று ஒரு பையன் அவன் அம்மாவோடு வந்தான். அவன் அத்தாவும் வெளிநாட்டில்தான். கட்-ஆஃப் நூற்று எண்பத்தேழு. முஸ்லிம் ஒதுக்கீட்டு வரிசையில் ஜன்னத்துக்குக் கீழே நிற்கிற பையன். அவன் கேட்டதும் அதே கோயம்புத்தூர், அதே எலெக்ட்ரானிக்ஸ். கனியண்ணன் வழக்கம்போல மேசையைத் தட்டினார். மகளிடம் பொய் சொல்ல முடிந்த மனுசனுக்கு ஊரான் பிள்ளையிடம் சொல்ல வரவில்லை.

"முக்கால் தம்பி. தைரியமா மொதல்ல போடு."

சொன்ன பிறகுதான் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. ரெண்டாவது கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் நின்றது. நான் மிஷினை விட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

"அத்தா, இவங்களுக்கு முக்கால்னா எனக்கு எவ்வளவு?" என்று ஜன்னத் கேட்டாள்.

கனியண்ணன் எழுந்து போய் ஜெராக்ஸ் மிஷினில் எதையோ வைத்து அமுக்கினார். வெள்ளைத் தாள் ஒன்று வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தன் பேரைப் போட்டுத் திறந்து வரிசையைப் பார்த்தாள். மதுரை மேலே, கோயம்புத்தூர் கீழே. அந்த வரிசைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.  அவள் கத்தவில்லை.

"எனக்குக் கிடைக்குமான்னுதான அத்தா ஒங்ககிட்டக் கேட்டேன். போகலாமான்னு கேக்கலையே. போகாதன்னு சொல்லிருந்தா இங்கனயே இருந்திருப்பேன்."

"இப்பச் சொல்றேம்மா," என்றார். "போகாத."

அவ்வளவு பேருக்கு நடுவே அதைச் சொல்லிவிட்டார்.  ஜன்னத் அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. நீங்கள் சொல்வதில் எது கணக்கு, எது ஆசை என்று இனிமேல் எனக்குத் தெரியாதே அத்தா என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூரைத் தூக்கி மேலே வைத்தாள். மதுரையைக் கீழே வைத்தாள். வரிசையைப் பூட்டுவதற்கு ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். வந்தது. அவர் படித்தார், அவள் அடித்தாள், தப்பு என்று காட்டியது. பதற்றத்தில் நம்பரை மாற்றிப் படித்தாரா, வேண்டுமென்றே படித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் மறுபடி ஓடிபி அனுப்பச் சொன்னாள். இந்தத் தடவை ஒவ்வொரு நம்பராக நிறுத்திச் சரியாகப் படித்தார். பூட்டியாயிற்று. பிறகு அவள் அஃப்ரீத் பக்கம் திரும்பி, ஒங்களோட ரெண்டாவது காலேஜ் எது என்று கேட்டாள். சாயங்காலம்வரைக்கும் உட்கார்ந்து எல்லாருக்கும் பதிந்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அத்தாவோடு வண்டியில் போகவில்லை, நடந்து போனாள்.

கவுன்சலிங் ரிசல்ட் வருகிறவரைக்கும் இருந்த நாட்களைப் போல எனக்கு எதுவும் அலுத்ததில்லை. சைதுன் பீவி ஒரு தரம் வந்து, ரெண்டும் பேசிக்கிறதே இல்ல மதினி, சோத்த வச்சுட்டுச் சுவத்தப் பாத்துத் திங்குதுக என்று அழுதுவிட்டுப் போனாள். அடுத்த ரவுண்டு கவுன்சலிங்குக்காகக் கடைக்கு வந்தவர்கள் கேட்டால் கனியண்ணன் கால், அரை எதுவும் சொல்லவில்லை. போட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்க என்று அனுப்பினார். தட்டி ஓயாமல் ஆடியது. காலைக் கட்டிப் போடச் சொல்லி நான் கத்தவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் கடைக் கம்ப்யூட்டரில் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, சொல்ல வீட்டுக்குப் போகாமல் நேரே என் கடைக்குள் வந்தார். வெட்டி வைத்த துணி மேலேயே உட்கார்ந்தார். கோயம்புத்தூர் வந்துவிட்டது, எலெக்ட்ரானிக்ஸ்தான், திருச்சுழிப் பையனுக்கும் அங்கேதான் என்றார். நல்லதுதானே அண்ணே என்றேன். தலையை ஆட்டினார்.

"கணக்கு சரியாப் போச்சு தங்கமாரி. தப்பாப் போகட்டும்னு அஞ்சு வக்துத் தொழுகையிலயும் கேட்டேன். சொந்த மகளுக்கு எதிரா எவன் இப்படி அல்லாகிட்டக் கேப்பான்?"

அழுதார்.  குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மோந்து கொடுத்தேன். குடித்தார்.

ஜன்னத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் ஹாஸ்டலுக்கான ஃபாரம். வாசலில் நின்றபடியே அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து ஃபாரத்தை என் கட்டிங் மேசையில் விரித்து, அத்தா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். பேனாவைக் கொடுக்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கிக் கேக்கல. இப்பக் கேக்குறேன் அத்தா. போகட்டுமா?"

கனியண்ணன் அவளைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மிஷினுக்கு நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.  அவள் அவசரப்படுத்தவில்லை, பேனாவோடு அப்படியே நின்றாள்.

"போயிட்டு வாம்மா" என்று கையை நீட்டினார்.